எட்டு மணி வசவு

எங்கள் நாட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு மக்களாட்சி காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. மக்களின் நன்மை கருதியே இந்த முடிவு என்று ஒரு கர்னல் வானொலியில் படித்தார். அவருக்குப் பின்னால் பதினொரு படைவீரர்கள் நின்றதாகத் தொலைக்காட்சி வைத்திருந்தவர்கள் சொன்னார்கள். வானொலி மட்டும் வைத்திருந்த நாங்கள் அவர்கள் மூச்சு விடுவதைத்தான் கேட்டோம்.

அன்று எங்கள் ஊர் தொமிபுகுவில் எல்லோரும் தெருவுக்கு வந்து ஆடினோம். மறைப்பதற்கில்லை. மக்களாட்சியோடு எங்களுக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. பதினாறு ஆண்டுகளில் அது எங்கள் ஊருக்கு ஒரு தண்ணீர் பம்பு தந்தது. மேயர் அதை மூன்று முறை திறந்து வைத்தார். மூன்றும் தேர்தல் ஆண்டுகளாக அமைந்தது தற்செயல். ஒரு முறை அதிலிருந்து தண்ணீர்கூட வந்தது; சுவருக்குப் பின்னால் தண்ணீர் லாரி நின்றிருந்தது. முழுமையான பயன்பாட்டுக்கு இன்னும் மூன்றே மாதம் என்று மேயர் ஒவ்வொரு முறையும் சொன்னார். நாங்கள் ஆற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம்.

மேயர் அன்று மதியமே மோட்டார் சைக்கிளில் மாமியார் ஊருக்குப் போய்விட்டார். அவருடைய பெயர்ப் பலகையைத் தலைமை எழுத்தர் தியேகோரோ கழற்றித் துடைத்து அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே நான்கு பலகைகள் இருந்தன. இருபத்தொன்பது ஆண்டு பணிக்காலத்தில் தியேகோரோ எந்த அரசையும் எதிர்த்ததில்லை. எதையும் ஆதரித்ததாகவும் கோப்புகளில் இல்லை.

பத்தாம் நாள் கேப்டன் ஃபலாயே தெம்பேலே எங்களை ஆள வந்தார். முப்பத்தொரு வயது. கறுப்புக் கண்ணாடி. ராணுவ உடுப்புக்கு மேல் கைத்தறிப் பருத்தி அங்கி. அந்த மாதம் நாடு முழுவதும் கைத்தறி அணிந்தது. இறையாண்மை நூலிலிருந்து தொடங்குகிறது என்று கர்னல் சொல்லியிருந்தார். கேப்டன் கெட்டவர் அல்ல. பின்னால் நடந்ததை வைத்து இதை யாரும் மறந்துவிடக் கூடாது.

பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம் போட்டார். அந்நிய தேசத்து ஆட்சிமுறையின் அழுகல் முடிந்தது, இனி முன்னோர் மரபுதான் என்றார். கை தட்டினோம். பம்பு மூன்று மாதத்தில் ஓடும் என்றார். இன்னும் பலமாகத் தட்டினோம். தட்டல் ஓய்ந்ததும் ஒரு கை உயர்ந்தது. ஊராட்சிப் பம்பு மெக்கானிக் மோதிபோ சமாகே.

"கேப்டன் ஐயா, ஒரே ஒரு சந்தேகம். மேயரும் மூணு மாசம்னாரு. நீங்களும் மூணு மாசம்ங்கறீங்க. இது அதே மூணு மாசமா, இல்ல வேற மூணு மாசமா?"

யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் தலைமை எழுத்தர் பக்கம் குனிந்தார்.

"இந்தாளு பேரு என்ன?"

"சமாகேங்க ஐயா."

"சமாகேக்கும் தெம்பேலேக்கும் கேலிமுறை உண்டா?"

"இல்லீங்க ஐயா. பாட்டன் முப்பாட்டன் காலத்துலயே கிடையாது."

"அப்ப இது கேலி இல்ல."

"கேள்விதாங்க ஐயா."

அவசரச் சட்டம் நான்கு, அரசு அதிகாரியை இழிவுபடுத்தல். மோதிபோவை எழுதுபொருள் கிடங்கில் வைத்தார்கள். ஊருக்கு ஒரு சிறை ஒதுக்கப்பட்டிருந்தது. கட்டடம் இன்னும் தலைநகரிலிருந்து வந்து சேரவில்லை.

கேப்டன் சரியாகத்தான் கேட்டார். எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயருக்குக் குடும்பப் பெயர் கேலிமுறை உண்டு. கொனே வீட்டார் தெம்பேலே வீட்டாரைக் காராமணி தின்னி, திருடன், எடுபிடி என்று எங்கே பார்த்தாலும் திட்டலாம். தெம்பேலே கோபப்படக் கூடாது. சிரித்துவிட்டுத் திருப்பித் திட்ட வேண்டும். முறைக்காரர் வாய்விட்டு ஒன்று கேட்டால் மறுப்பதும் அழகல்ல. இழவு வீட்டில் பிணத்தின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒரு சட்டி காராமணி வந்தால்தான் எழுந்திருப்பேன் என்று அடம்பிடித்த கொனேக்கள் உண்டு, சட்டி வந்தது. முன்னோர் மரபை மீட்கவே துப்பாக்கி எடுத்த அரசு இந்த மரபில் கை வைக்க முடியாது.

மோதிபோவின் மனைவி சித்தான், பிறந்த வீட்டுப் பெயரில், கொனே. எங்கள் பெண்கள் கல்யாணத்தில் பெயரை விட்டுக்கொடுப்பதில்லை. அவள் அலுவலகத்துக்கு எதிரே காராமணி வடை சுட்டு விற்பவள். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கேப்டன் ஜீப்பிலிருந்து இறங்கியதும் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏய், காராமணி தின்னி!"

காவலர்கள் துப்பாக்கியை எடுத்தார்கள். கேப்டன் நின்றார்.

"யாரது?"

"சித்தான் கொனே! எங்க பாட்டன் வீட்டு எடுபிடியோட பேரன் ஜீப்புல வர்றான், பாருங்கடி! காலைல எத்தன சட்டி முழுங்கின? ஜீப்பு டயரே உப்பிப்போயிருக்கு!"

கேப்டன் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் உதடு அசைந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கொனேயா? அதானே பாத்தேன். எங்க ஊர்ல கொனே வந்துட்டுப் போனா காராமணிக் கொடியக்கூட எண்ணிப் பாப்போம்!"

"சிரிச்சது போதும். என் புருஷன விடு."

கேப்டன் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "அக்கா, அது கேலி இல்லையே. அது கோரிக்கை. கேலின்னா பண்பாடு. கோரிக்கைன்னா அரசியல். அரசியல ஒத்திவச்சிருக்கு. வேற எது வேணா கேளு, தர்றேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

சித்தான் கரண்டியை ஓங்கினாள். "அப்ப பிரசவ விடுதிக் கூரைய மூடுடா! மழைல புள்ள பெத்தா மீனுதான் பொறக்குது!"

மதியத்துக்குள் ஆறு படைவீரர்கள் கூரை மேல் இருந்தார்கள். அந்தக் கூரைக்காக நாங்கள் பதினோரு ஆண்டு மனு எழுதியிருந்தோம்.

மறுநாள் அவள் கடையில் வரிசை நின்றது. ஒருவர் வடை வாங்கிக்கொண்டு படகுத்துறைப் பலகை உடைந்ததைச் சொன்னார். இன்னொருவர் மாட்டு வைத்தியர் மூன்று மாதமாக வரவில்லை என்றார். எட்டு மணிக்கு அவள் எல்லாவற்றையும் வசவாக்கி வீசினாள்.

"ஏய் காராமணி தின்னி! மாடெல்லாம் கழியுது. மாட்டு வைத்தியன எங்க ஒளிச்ச? உன் வயித்தப் பாக்க வச்சிக்கிட்டியா?"

கேப்டன் சிரித்தார். வைத்தியர் வந்தார். ஒவ்வொரு நாளும் கடைசியில் அவள், "என் புருஷன விடு" என்பாள். கேப்டன், "வேற கேளு" என்பார். ஒரு நாள் பம்பைக் கேட்டாள். பம்பு மோதிபோ வழக்கில் சாட்சிப் பொருள், வழக்கு முடியும்வரை அதைப் பற்றிப் பேசுவது நீதிமன்ற அவமதிப்பு என்று தியேகோரோ விளக்கினார். பம்பைச் சுற்றிக் கயிறு கட்டி அரக்கு முத்திரையும் வைக்கப்பட்டது. வழக்கு எப்போது முடியும் என்று ஒருவர் கேட்டார். மூன்று மாதம் என்றார்கள்.

மாலையில் தேநீர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் உலக விவகாரம் பேசுவது வழக்கம். அந்த மாதம் பேச்செல்லாம் ஆட்சிமுறை பற்றித்தான்.

"நமக்காகப் பேசுவான்னு ஓட்டுப் போட்டோம். ஒருத்தனும் பேசல. இங்க ஓட்டே போடல. பேசறா, நடக்குது. பின்ன எதுக்கு ஓட்டு?" என்றார் முடிதிருத்துபவர் ஞோகோலோ.

ஓய்வுபெற்ற ஆசிரியர் பக்காரி கிளாசை ஊதினார். "நாளைக்கு அவளையும் பிடிச்சி உள்ள வச்சா?"

"எப்படி வைப்பாங்க? முறை இருக்குல்ல!"

"முறை இருக்கறது அவளுக்கு. உனக்கு?"

அவருக்கு மூன்றாம் சுற்றுத் தேநீரைச் சீக்கிரமே ஊற்றிக் கொடுத்தோம். வாயில் கிளாஸ் இருந்தால் கேள்வி வராது.

செய்தி தலைநகருக்குப் போயிற்று. கர்னல் மகிழ்ந்தார். இதற்கு 'மரபுவழிப் பொறுப்புக்கூறல்' என்று பெயர் சூட்டிச் சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு அமைச்சரும் ஒரு கேலிமுறைக்காரரைப் பணியமர்த்தினார். நிதி அமைச்சருக்கு இரண்டு பேர். குளிரூட்டிய விடுதிகளில் கைத்தறி அங்கி அணிந்த நிபுணர்கள் வசவு மேலாண்மை குறித்து மூன்று நாள் பயிலரங்கு நடத்தினார்கள். முடிவில் சான்றிதழும் காராமணிச் சுண்டலும் கொடுத்தார்கள்.

எங்கள் ஊரில் தியேகோரோ 'கேலிமுறை உரிமையாளர் பதிவேடு' திறந்தார். வசவின் வரைவை முந்தின நாளே மூன்று பிரதிகளில் தர வேண்டும். அதிகாரியின் தாயைக் குறிப்பிடுதல் தவிர்க்கப்பட வேண்டும். காராமணி என்ற சொல் ஒரு வசவில் மூன்று முறைக்கு மிகாமல் வரலாம். அதிகாரி ஏழு விநாடிக்குக் குறையாமல் சிரிக்க வேண்டும். சிரிப்பை அளக்கத் தியேகோரோவே கைக்கடிகாரத்தோடு நிற்பார்.

பதிவேடு திறந்ததும் ஊர் யோசித்தது. கொனே மட்டும்தான் பேசலாம் என்றால் கொனே ஆகிவிட வேண்டியதுதான். பெயர் மாற்றத்துக்கு இரண்டு சாட்சிகள் தேவை. ஒருவருக்கொருவர் சாட்சி சொன்னோம். முதலில் ஞோகோலோ மாறினார். ஆசிரியர் பக்காரி இரண்டு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, வரலாற்று ஆர்வத்தின் காரணமாக மாறினார். ஊரிலிருந்த ஆறு தெம்பேலே குடும்பங்களும் மாறின. தினமும் எட்டு மணிக்குத் தங்களையும் சேர்த்துத் திட்டுவது போல் இருக்கிறதாம். நாலாயிரத்து நூற்றுச் சொச்சம் பேர் உள்ள ஊரில் கடைசியில் கொனே அல்லாதவர் இரண்டே பேர்: கேப்டனும், கேப்டன் பூட்டி வைத்திருந்தவரும்.

கேப்டன் சித்தானைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். பேசிய நாளிலேயே தான் கொனேதான் என்றும், கேட்டது கேலிதான் என்றும் மோதிபோ கையெழுத்துப் போட்டால் போதும், அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம். அவள் கிடங்கின் கம்பி ஜன்னலுக்கு ஓடினாள்.

"போடுங்க."

மோதிபோ இரண்டு முறை படித்தார். "நான் கேலி பண்ணலையே."

"எனக்குத் தெரியாதா? போட்டுட்டு வாங்க. வீட்டுக்கு வந்து கேலி இல்ல, கேலி இல்லன்னு ராத்திரி பூரா சொல்லிக்குங்க. நான் கேக்கறேன்."

"சித்தான், அந்தப் பம்புக்கு அடியில மோட்டாரே இல்ல. நான் கயிறு கட்டி எறங்கிப் பாத்தேன். வெறும் கொழாய். கோப்புல மோட்டார் இருக்கு, குழியில இல்ல. நான் கேட்டது கேலின்னு எழுதிக் குடுத்தா, மோட்டார் இல்லங்கறதும் கேலியாயிடும். எல்லாரும் ஏழு விநாடி சிரிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க."

"ஊரே பேர மாத்திக்கிட்டு நிம்மதியா இருக்கு. உங்களுக்கு மட்டும் என்ன?"

"ஒருத்தனாவது சிரிக்காம இருக்கட்டுமே."

"சிரிக்காம இருக்க வீட்டுல எடமில்லையா? இந்த ஈரச் சுவருக்குள்ளதான் இருக்கணுமா?" என்றாள். வடைகளைக் கம்பி வழியாக ஒவ்வொன்றாக உள்ளே திணித்தாள். படிவத்தை நான்காகக் கிழித்துக் கடைக்குக் கொண்டு போனாள்; அன்று வடை வாங்கிய நால்வருக்கு அது பொட்டலமாயிற்று.

இதற்குள் புதிய சிக்கல் ஒன்று வந்தது. ஊரே கொனே என்பதால் எட்டு மணிக்கு ஊரே திட்டியது. பதினொரு மணி வரை போனது. விதிப்படி ஒவ்வொருவருக்கும் ஏழு விநாடி சிரித்ததில் கேப்டனுக்குத் தாடை பிடித்துக்கொண்டது. இனி ஒரே ஒரு கொனே, நாளுக்கு ஒரே ஒரு வேண்டுதல் என்று உத்தரவு போட்டார். அந்த ஒரு கொனே யார்? மூன்று பேர் ஆசைப்பட்டார்கள். அலுவலக முற்றத்தில் மூன்று இடத்தில் நின்றார்கள். பிடித்தவருக்குப் பின்னால் ஊர் வரிசையாக நின்றது. தியேகோரோ தலைகளை எண்ணினார். ஜன்னல் வழியாகப் பார்த்த கேப்டன் இறங்கி ஓடி வந்தார்.

"என்ன இது?"

"வரிசைங்க ஐயா."

"வரிசையா நின்னு, எண்ணி, யாருக்கு ஜாஸ்தியோ அவங்க... யோவ், இது தேர்தல்!"

"தேர்தல் ஒத்திவைக்கப்பட்டிருக்குங்க ஐயா," என்றார் தியேகோரோ, எண்ணிக்கையை விடாமல். "இது வரிசை ஒழுங்குபடுத்தல்."

சித்தான் பெரும் வித்தியாசத்தில் ஒழுங்குபடுத்தப்பட்டாள். அன்று சாயங்காலம் அவள் எங்களிடம் சொன்னாள்: "நாளைக்கு என் புருஷன மட்டும்தான் கேப்பேன். வேற கேளும்பான். அடுத்த நாளும் அதையேதான் கேப்பேன். ஒரே விஷயத்த முறைக்காரி பத்து நாள் கேட்டு இல்லன்னு சொன்ன தெம்பேலே இதுவரைக்கும் பொறக்கல. விட்டுத்தான் ஆகணும்."

அது நடந்திருக்கும். எங்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் சந்தைச் சாக்கடை திறந்து கிடந்தது. மழை வேறு வந்துகொண்டிருந்தது. ஞோகோலோ தலைமையில் ஒரு தூதுக்குழுவாக அவள் வீட்டுக்குப் போனோம்.

"சித்தான் அக்கா, உன்ன எல்லாருமா சேந்து நிறுத்தினோம். பொதுக் காரியத்துக்கு. நீ சொந்தக் காரியத்துக்குப் பத்து நாளக் கேக்கறியே, நியாயமா? சாக்கடைய நெனச்சுப் பாரு."

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு அவரு கைய தூக்கினாரே, அது யாரு தண்ணிக்கு?"

ஆசிரியர் பக்காரி இருமினார். மற்றவர்கள் செருப்பைப் பார்த்தோம். மறுநாள் எட்டு மணிக்கு அவள் சாக்கடையைக் கேட்டாள். அதற்கடுத்த நாள் படித்துறை. அதற்கடுத்த நாள் ஞோகோலோவின் கடைக்கு முன்னால் இருந்த பள்ளம். மக்கள் பிரதிநிதி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

ஏழாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு, வானொலியில் வேறு ஒரு கர்னல் படித்தார். முந்தைய கர்னல் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டார், மக்களின் நன்மை கருதி. தெருவுக்கு வந்து ஆடினோம். முதல் தடவை அளவுக்கு நேரம் ஆடவில்லை, மூட்டு வலி.

மேஜர் சூமானா கொனே வந்தார். முந்தைய ஆட்சி அடைத்தவர்களை விடுவிக்க முதல் உத்தரவு. மோதிபோ தாடியோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார். சித்தான் வடைக் கூடையை அப்படியே அவர் கையில் வைத்துவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். பாய் ஆறுவதற்குள் கேப்டன் தெம்பேலேயை அதே கிடங்கில் விட்டுப் பூட்டினார்கள்.

பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம். அவசரச் சட்டம் நான்கு தொடரும், மரபும் தொடரும் என்றார் மேஜர். தியேகோரோ பதிவேட்டை நீட்டினார். மேஜர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் கொனே! எல்லாரும் என் தம்பிமாரு! சொல்லுங்க, கொனே கொனேயத் திட்டலாமா?"

"கூடாதுங்க," என்றோம். முறை அப்படித்தான்.

"அண்ணன் பேசினா தம்பி என்ன பண்ணணும்?"

"கேக்கணுங்க."

"பம்பு மூணு மாசத்துல ஓடும்."

தட்டினோம். அந்தச் சத்தத்திலேயே மோதிபோ எழுவது தெரிந்தது. பக்கத்தில் இருந்த நான்கு பேர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தோம். சித்தான் இழுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேஜர் ஐயா, இது மூணாவது மூணு மாசமா?"

மேஜர் குனிந்தார். "பேரு?"

"சமாகேங்க ஐயா," என்றார் தியேகோரோ, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. "முறை எதுவும் இல்லீங்க."

மறுநாள் காலை பழக்க தோஷத்தில் வடைக் கடை முன் வரிசை நின்றது. சித்தான் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலை தூக்கவில்லை. "அவனும் கொனே, நானும் கொனே. நான் என்னத்த திட்ட? வட வேணும்னா வாங்குங்க."

யோசித்துப் பார்த்தோம். ஊரில் மேஜரைத் திட்டும் உரிமை உள்ள தெம்பேலே ஒருவர்தான் மிச்சம். கிடங்கு ஜன்னலுக்குப் போனோம். கேப்டன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அவருக்குப் பின்னால் பாயில் மோதிபோ உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு ஜீப் வந்தது.

"ஏய், காராமணி தின்னி கொனே!" கேப்டனின் குரல் கிடங்குக்குள் எதிரொலித்துக் கணீரென்று வந்தது. "பம்புக்கு அடியில மோட்டாரே இல்லடா! நீ காராமணின்னு நெனச்சு முழுங்கிட்டியா?"

மேஜர் நின்றார். வேறு வழியில்லை, சிரித்தார். தியேகோரோ நேரம் பார்த்தார். நாங்கள் கை தட்டினோம். என்ன துணிச்சல்! இப்படி நேருக்கு நேர் கேட்க ஒரு ஆள் இவ்வளவு நாளாக இல்லாமல் போய்விட்டாரே!

"பம்பு வழக்குல இருக்கு. வேற கேளு," என்றார் மேஜர்.

"அப்ப எங்க ரெண்டு பேரையும் விடு."

"அது கோரிக்கை."

ஜீப் போனதும் கேப்டன் எங்களிடம் சொன்னார்: "நாளையிலேர்ந்து இதையேதான் கேக்கப்போறேன். எங்க ரெண்டு பேரையும் விடுன்னு. பத்து நாள் கேட்டா எந்தக் கொனேயும் தாங்க மாட்டான். விட்டுத்தான் ஆகணும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஞோகோலோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் போனார்.

"கேப்டன் ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சொந்தக் காரியத்துக்குப் பத்து நாளுன்னா... மூடின சாக்கடை இப்ப அந்தப் பக்கமா வழியுது."

உள்ளே யாரோ சிரித்தார்கள். கேப்டன் அல்ல. கேலி இல்லை, கேலி இல்லை என்று ஏழு மாதம் உட்கார்ந்திருந்த மோதிபோ, பாயில் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வடைக் கூடையோடு வந்த சித்தான் ஜன்னலருகே நின்றுவிட்டாள்; அவளுக்கும் உதடு துடித்தது, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

தியேகோரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு விநாடி எப்போதோ தாண்டியிருந்தது.